ஒரே நிறத்தில் இரண்டு கேலக்ஸிகள்

ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் இன்பராஜுக்கு ஜோடி பார்க்கும் வேலை. இடது கால் தோலும் வலது கால் தோலும் ஒரே ஷேடில் இருக்கின்றனவா என்று பார்ப்பான். ஒன்று வெளுத்திருந்தால் சாயம் ஒற்றிச் சரிசெய்வான். பதினாறு வருடமாக இதே வேலை. கல்யாண வீட்டிலும் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்குமுன் ஷூவைத்தான் பார்ப்பான்.

மாதனூர் வீட்டு மொட்டைமாடியில் தொலைநோக்கி வைத்து வானத்தைப் படமெடுப்பது அவனுடைய கிறுக்கு. பத்தாவதோடு நின்றவனை, அவன் படம் அனுப்பும் வானியல் குழுவினர் புகழ்ந்தால் தலைகால் புரியாது. போன மாதம் அனுப்பிய படத்தில் இரண்டு கேலக்ஸிகள் ஒட்டிக்கொண்டு நின்றன. 'மோதிக்கொள்கின்றன, நிறம்கூட ஒன்றுதான்' என்று கீழே எழுதியும்விட்டான். அதைப் பார்த்துவிட்டுக் காட்பாடிக் கல்லூரி ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை வந்து பேசச் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கல்லூரிப் பேராசிரியை மோகனா போன் செய்தார். "கேமராவுல விழுந்த ஒரிஜினல் படத்தையும் எடுத்துட்டு வாங்க சார்."

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் கம்ப்யூட்டரில் அதைத் திறந்தான். ஒன்று நீலம், மற்றது பழுத்த மஞ்சள். இரண்டையும் ஒரே நிறமாக்கியது அவன் கைதான். நிறம் வேறானால் தூரமும் வேறாகலாம்; ஒன்று முன்னாலும் மற்றது எத்தனையோ கோடி ஒளியாண்டு பின்னாலும் இருக்கலாம். தொடாமலேகூட இருக்கலாம்.

"உடம்பு சரியில்லன்னு சொல்லிடட்டா?" என்று மனைவி சௌந்தர்யாவிடம் கேட்டான்.

"சொல்லிடுங்க. அவங்க அந்தப் படத்த நம்பிக்கினே இருக்கட்டும்" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை மேடையில் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினான். "ஏமாத்தணும்னு செய்யல. ஜோடி சேக்குறது எனக்குக் கைப்பழக்கம். கலரை நான்தான் மாத்திட்டேன்." யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

மோகனா கோபப்படவில்லை. தூரத்தை அளந்தால்தான் மோதலா இல்லையா என்று சொல்ல முடியும் என்றார். பிறகு மெதுவாகக் கேட்டார், "மூணு வருஷமா அனுப்பியிருக்கீங்களே, அந்தப் படமெல்லாம்?"

இன்பராஜ் அதை நினைத்தே பார்க்கவில்லை. நாற்பத்திரண்டு படங்கள். அவற்றை வைத்துக் கட்டுரை எழுதிய மாணவர்கள் முன்வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார்கள். எதில் கை பட்டது, எதில் படவில்லை என்று அவனுக்கே தெரியாது.

"தெரியல மேடம்" என்றான். "ஒண்ணொண்ணா தொறந்து பாக்கணும். பயமா இருக்குது."