ஒரு சுற்றுகூட இல்லை

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. அம்மாவுக்குப் பனியைத் தொட்டுப் பார்க்கும் ஆசை வந்ததும் சுவிட்சர்லாந்துக்கு டிக்கெட் போட்டேன். போட்ட அன்றே தூக்கம் போயிற்று. ஹோட்டலில் லிஃப்ட் உண்டா, வாசலில் எத்தனை படி, குளியலறையில் தொட்டியின் விளிம்பைத் தாண்டவேண்டி இருக்குமா என்று நான் அனுப்பிய கேள்விகளில் அந்த ஹோட்டல்காரர்கள் அலுத்தே போயிருப்பார்கள். ஒரு நாளைக்கு ஒரே இடம், மதியம் கட்டாய ஓய்வு. இத்தனைக்குப் பிறகும் வழுக்கும் தரையில் அம்மா கால் வைக்கும் காட்சி கண்ணுக்குள் வந்து வந்து போனது.

விமான நிலையத்தில் வீல்சேருக்கு மட்டும் நான் சொல்லி வைக்கவில்லை. ஔந்த் பகுதியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் அப்பா அம்மாவை வெளிநாட்டுக்கு அனுப்புகிற எல்லோரும் கால் நன்றாக இருந்தாலும் வீல்சேர் போட்டுவிடுவார்கள். வரிசையில் நிற்க வேண்டாம், பாஷை தெரியாமல் முழிக்கவும் வேண்டாம். பெட்டி வரும் இடத்தில் அவர்களே எழுந்து ஓடுவதை நான் கேலி செய்திருக்கிறேன்.

"எல்லாருந்தான் போடறாங்களாமா. நமக்கும் அந்த வண்டியப் போட்டுடு கண்ணு" என்றாள் அம்மா ஒருநாள், சாதாரணமாக.

"நடக்க முடியறவங்க உக்காந்தா, முடியாதவங்களுக்குக் கெடைக்காதும்மா. நீதான் தெனமும் கீழ ரெண்டு சுத்து போறியே" என்று ஒரு பிரசங்கமே செய்தேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

அடுத்த வாரம் ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்துவிட்டேன். கார் நிறுத்துமிடத்தில் அம்மா சுவரைப் பிடித்தபடி பத்தடி வைத்தாள், நின்றாள். வாட்ச்மேன் தன் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். யாரும் கேட்காமலே போட்டார்.

"மாஜி ரோஜ் இதர் ஹீ பைட்தீ ஹை" என்றார் என்னிடம் இந்தியில். அம்மா தினமும் இங்கேதான் உட்காருவாளாம். ஒரு சுற்றுகூட இல்லை.

வீட்டுக்குள் மேஜை, கதவு, அடுப்பு மேடை என்று அம்மா பிடித்துப் பிடித்து நடந்ததை வெறும் பழக்கம் என்றல்லவா நினைத்திருந்தேன்! விமானம் மாற முனையத்துக்கு முனையம் போகும் நீண்ட நடையில் இவள் எதைப் பிடித்திருப்பாள்?

மேலே வந்ததும் கத்திவிட்டேன். "ஏம்மா சொல்லல?"

"முடியலீன்னு சொன்னா நீ டிக்கெட்டையே கேன்சல் பண்ணிப்போடுவே."

லேப்டாப்பைத் திறந்தேன். விமான நிறுவனத்தின் பக்கத்தில் வீல்சேரிலேயே பல வகைகள் இருந்தன. முதல் வகையைத் தமிழில் சொன்னேன். "தூரமா நடக்க முடியாது, ஆனா படி ஏற முடியும்." அம்மா தலையாட்டுவாள் என்று வேண்டிக்கொண்டே காத்திருந்தேன். அவள் ஆட்டவில்லை.

"படியும் ஏற முடியாது" என்று அடுத்ததைப் படித்தபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"இதப் போட்டாலும் பனிக்குக் கூட்டிட்டுப் போவியா?"

அவள் திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் படிகளுக்கும் தொட்டிக்கும் பயந்துகொண்டிருந்த அத்தனை நாளும், அம்மா பயந்தது இந்த முகத்துக்குத்தான்.