குழாயில் காய்ந்த சேலை

எண்ணெய்க் குழாய் பொருத்துவது பற்றி முப்பது வருடம் பிறருக்கு விதி சொல்லிச் சம்பளம் வாங்கினேன். செப்புக் குழாயை முழங்காலில் வைத்து வளைக்காதே, மடிந்துவிடும். நட்டை ஒரு ஸ்பானரால் மட்டும் இறுக்காதே, குழாய் முறுகும். யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு வேலை இருந்திருக்காது.

இவற்றை முதலில் என் காதில் போட்டவர் அப்பா. நாங்கள் குடியேறிய குளிர்நாட்டில், பியர்பொன்ட்ஸ் என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டின் பேஸ்மென்டில், எண்ணெய்த் தொட்டியிலிருந்து வெப்ப உலைக்குப் புதுக் குழாய் போட்ட வாரம். எனக்கு எட்டு வயது. அப்பா குழாய் பொருத்தும் விதிப் புத்தகத்தை உரக்க வாசிக்க, அம்மாவின் தம்பி, என் மாமா, வேலை செய்தார். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து மூன்று மாதம். உலை திருத்தும் ஒருவரிடம் அவரைச் சேர்த்துவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார். இந்தக் குழாய்தான் பரீட்சை.

குழாய் தாழ்ந்த கூரையடியில் பளபளவென்று நேராக ஓடியது. குறை சொல்ல எதுவும் கிடைக்காததில் அப்பாவுக்குச் சற்று வருத்தம்.

மறுநாள் அம்மா தன் நீலச் சேலையைத் தோய்த்தார். வெளியே பனி. உலைக்குப் பக்கத்தில், கைக்கு எட்டும் உயரத்தில், கொடி கட்டியதுபோல் ஒன்று ஓடினால் எங்கள் ஊர்ப் பெண் என்ன செய்வார்? ஈரச் சேலையை அதில் போட்டார். மறு நுனியைப் பிடித்துக் கொடுத்தது நான்.

மாலையில் உலை நின்றது. குழாய் தொய்ந்து, மூட்டு வெடித்து, உள்ளே காற்றுப் புகுந்திருந்தது. அம்மா சேலையை உருவிச் சுருட்டினார். "அப்பாட்டைச் சொல்லாதை."

அப்பா கோட்டைக்கூடக் கழற்றாமல் கீழே இறங்கினார்.

"ஐசே, அது நட்டு, மாட்டுக் கயிறில்லை. அளவா இறுக்கும் எண்டு உமக்கு எத்தினை தரம் வாசிச்சனான்?"

மாமா முக்காலியில் ஏறி மூட்டைக் கிட்டப் பார்த்துத் தடவினார். நட்டில் ஒரு நீல நூல் சிக்கியிருந்தது. அதை எடுத்தார், படியில் நின்ற அம்மாவைப் பார்த்தார், நூலைச் சட்டைப்பையில் போட்டார்.

"ஓம் அத்தான். நான்தான் கூட இறுக்கிப்போட்டன்."

உலை வேலை அத்தோடு போயிற்று. அடுத்த வாரம் மாமா ஓர் உணவகத்தில் கோப்பை கழுவப் போனார். பல வருடம் கழுவினார்.

உலை நின்ற அன்று இரவு அம்மா மாமாவுக்கு மட்டும் இரண்டு முட்டை பொரித்தார். செய்யாத பிழையை ஒத்துக்கொண்டால் முட்டை கிடைக்கும் என்றுதான் எனக்கு விளங்கியது. அவர் ஒன்றை என் தட்டுக்குத் தள்ளினார். ஏன் என்று நான் கேட்கவில்லை. நல்ல பசி, சாப்பிட்டுவிட்டேன்.