கதவில் போட்ட கையெழுத்து

சென்ற மாதம் என் மகள் டெங்குக் காய்ச்சலில் ஒன்பது நாள் மருத்துவமனையில் கிடந்தாள். வீடு திரும்பிய மறுநாள், தேங்கிய தண்ணீரில் கொசுப்புழு இருக்கிறதா என்று பார்க்க ஒரு பெண் வந்தார். அவர் கேட்கும் முன்பே ஒவ்வொரு மூடியாகத் திறந்து காட்டினேன். காலி வாளியைக்கூடக் கவிழ்த்துக் காட்டினேன். "பயப்படாதீங்கம்மா" என்றார். அது பயம் மட்டும் அல்ல.

எனக்குப் பத்து வயதில் ஏற்காட்டில், வாழவந்திப் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் வரிசை வீடுகளில் குடியிருந்தோம். கோடையில் குழாய் நின்றுவிடும். அம்மா விடியற்காலையில் பள்ளத்து ஊற்றுக்கு நாலு நடை நடந்து, குடம் குடமாகச் சுமந்து ட்ரம்மை நிரப்பிவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். அந்த ட்ரம்மை நாங்களாக ஒருநாளும் காலி செய்ததில்லை. குறையக் குறைய மேலே ஊற்றுவோம்.

செவ்வாய்க்கிழமைதோறும் கொசு மருந்துக்காரர் வருவார். புழுவைக் கண்டால் தண்ணீரைக் கொட்டி, ட்ரம்மைத் தேய்த்துக் கவிழ்க்கச் சொல்வார்.

"நாலு நட நடந்த தண்ணிங்க. உங்களுக்கென்ன, கவுத்துட்டுப் போயிருவீங்க" என்பாள் அம்மா.

"புழு நெளியுதுங்களேம்மா."

"நெளிஞ்சா நெளியட்டுங்க. வடிகட்டிக் குடிச்சுக்கறோம்."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார். கடைசியில் கொட்டத்தான் செய்வார். பார்த்து முடித்த வீட்டுக் கதவில் சாக்பீஸால் தேதி எழுதி, கீழே வால் நீண்ட ஒரு கையெழுத்துப் போடுவார். பூட்டியிருக்கும் வீடுகளுக்கு மறுநாள் வருவார். கையெழுத்து இல்லாத கதவை மட்டும் தட்டுவார்.

இதைக் கண்டுபிடித்தது நான்தான். ஒரு செவ்வாய்க்கிழமை கதவைப் பூட்டிக்கொண்டு காபிச் செடிகளுக்குள் ஒளிந்திருந்தேன். அவர் போனதும் வந்து, பக்கத்து வீட்டுக் கதவைப் பார்த்து எங்கள் கதவிலும் அப்படியே எழுதினேன். மறுநாள் அவர் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய்விட்டார். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "எங்கண்ணு எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கெழுதற ரைட்டர் வேலைக்கே போலாம் போ!"

மூன்று வாரம் இப்படி நடந்தது. நாலாவது வாரம் பக்கத்து வீட்டுப் பையனுக்குக் காய்ச்சல் வந்தது. நாலு வயது. உடம்பெல்லாம் சிவந்து, ஈறில் ரத்தம் கசிந்தது. சேலத்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். டெங்கு என்ற வார்த்தையை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டோம்.

இரண்டு நாள் கழித்து மருந்துக்காரரோடு ஒரு அதிகாரி வந்தார். எங்கள் ட்ரம்மில் டார்ச் அடித்தவர் கதவுக்குத் திரும்பினார்.

"என்னய்யா, மூணு வாரமாப் பாத்ததாப் போட்டிருக்கு, உள்ள புழுப் பண்ணையே இருக்குது! உன் கையெழுத்துதானே?"

மருந்துக்காரர் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் நின்ற என்னைப் பார்த்தார்.

"என்னுதுதானுங்க சார். உள்ள பாக்காமப் போட்டுட்டனுங்க."

துணி எடுத்துப்போக வந்திருந்த அந்தப் பையனின் அப்பா அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். "எம் பையன் ரத்தமாத் துப்பறான். நீ சாக்பீஸ்ல கோலம் போட்டுட்டுப் போறயா?"

அவர் விடுவித்துக்கொள்ளக்கூட முயலவில்லை. அம்மா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் வாய் திறக்கவில்லை.

பையன் பிழைத்து வந்தான், பாதி உடம்பாக. மருந்துக்காரரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னார்கள். அதன்பின் வேறொருவர் வந்தார். அவனைக் கடித்த கொசு எங்கள் ட்ரம்மில் பிறந்ததுதானா என்று யாராலும் சொல்ல முடியாது. வெகுகாலம் இந்தச் சமாதானத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மகளின் படுக்கையருகே அது உதவவில்லை.

சொல்லக் கூசுகிறது, அன்று அவர் 'என்னுதுதான்' என்றபோது எனக்கு வந்தது பெருமை. போட்டவருக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு அச்சாக எழுதியிருக்கிறோம் என்று நினைத்தேன். 'என்னுது இல்லைங்க' என்று அவர் சொல்லியிருந்தால், அந்தத் தகப்பன் அடுத்து யார் பக்கம் திரும்பியிருப்பார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.