வாயால் கூப்பிடாத கல்யாணம்

என் அக்காள் பெருமாயி தன் ஒரே மகன் சின்னுசாமியின் கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிடவில்லை. அவளுக்கு நான் ஒரே தம்பி, சின்னுசாமிக்குத் தாய்மாமன். மணவறையில் மாப்பிள்ளைக்கு உருமால் கட்ட வேண்டியவன் நான்தான். மாமன் கட்டுகிற அந்தத் தலைத்துணி ஏறிய பிறகுதான் எங்களில் தாலி ஏறும். அப்படிப்பட்டவனைக் கூப்பிடவில்லை. ஜெர்மன்காரன் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம் நடந்த கல்யாணம் அது. சண்டையே முடிந்துவிட்டது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

இதைச் சொன்னால் எங்கள் ஊர்ப் பையன்கள் சிரிக்கிறார்கள். "அதான் பத்திரிகையில உங்க பேரே போட்டிருந்துச்சுங்களே" என்கிறார்கள். போட்டிருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. பேர் போடுவது வேறு, கூப்பிடுவது வேறு. அக்காளைப் பற்றிச் சொல்ல வந்தால் இந்த இடத்திலிருந்துதான் தொடங்க முடிகிறது. என்ன செய்வது.

எங்கள் ஊர் மலைமேல் வாழவந்தி நாட்டில். இங்கே சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. அவளைக் கட்டிக்கொடுத்தது அதே மலையில் எடப்புளி நாட்டில். நடுவில் ஒரு கரடும் ஒரு ஓடையும். காலையில் கஞ்சி குடித்துவிட்டுக் கிளம்பினால் வெயில் உறைப்பதற்குள் போய்விடலாம். மச்சான் மாணிக்கம் நல்ல உழைப்பாளி. ஆனால் வாயைத் திறக்கிற மனுஷன் அல்ல. ஆகையால் வீட்டு நல்லது கெட்டதுக்கெல்லாம் பேசுகிறவள் அக்காள்தான். கல்யாணம், காதுகுத்து என்று ஊரைக் கூப்பிடப் போகும்போது மச்சான் கூடவே நடந்துபோய் நிற்பார். கூப்பிடுவது அவள்.

அவள் கூப்பிடுகிற அழகைச் சொல்ல வேண்டும். இங்கே வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்காது. மேட்டில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று, பலாமரத்துக்கு அந்தப் பக்கம் இன்னொன்று என்று சிதறிக் கிடக்கும். ஒன்றையும் விடமாட்டாள். வாசலில் நின்றுகொண்டு அந்த வீட்டில் இருக்கிற ஒவ்வொருவர் பேரையும் சொல்வாள். கிழவன் பேர், மருமகள் பேர், தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்குப் பேர் வைத்திருந்தால் அதுவும். "எல்லாரும் வரோணும். நீங்க வந்து நின்னாத்தான் எங்களுக்குக் காரியம்" என்பாள். அதே வார்த்தையைத்தான் எல்லா வீட்டிலும் சொல்வாள். ஆனாலும் அந்தந்த வீட்டுக்காரனுக்குத் தனக்கென்றே சொன்ன மாதிரி இருக்கும்.

பேச்சுவார்த்தை இல்லாதவர்களையும் கூப்பிடுவாள். எங்கள் ஊர்க் கண்ணாயிப் பெரியம்மாவுக்கும் அவளுக்கும் ஒரு மிளகுக் கொடி விஷயத்தில் சண்டை. அக்காள் கல்யாணமாகிப் போவதற்கு முன்பே வந்த சண்டை. இருந்தாலும் அந்த வாசலுக்குப் போவாள். அங்கே நிற்கிற பலாமரத்தைப் பார்த்து, "ஏ பலாமரமே, எங்கூட்ல காதுகுத்து. இந்த ஊட்டுக்காரங்களை வரச் சொல்லு" என்பாள். உள்ளேயிருந்து கண்ணாயி, "ஏ பலாமரமே, வாரேன்னு சொல்லு" என்று குரல் கொடுப்பாள். சொன்னபடி வந்து சாப்பிட்டுவிட்டும் போவாள். சண்டை பாட்டுக்குச் சண்டை.

ஒரு தடவை மழைக்காலத்தில் அவளோடு நானும் போனேன். காலெல்லாம் அட்டை. கடைசி வீடு ஓடைக்கு அந்தப்புறம் இருந்தது. "அந்த ஒரு ஊட்டை உட்டுட்டா என்னக்கா, வானமா இடிஞ்சு உழுந்துரும்?" என்றேன்.

"நீ வேணும்னா இங்கயே உக்காந்து அட்டையைப் புடுங்கிட்டு இரு சாமி" என்று சொல்லிவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடையில் இறங்கிவிட்டாள். மச்சான் பின்னாலேயே இறங்கினார்.

அப்படிப்பட்டவளுக்கு இப்படி ஒரு மகன். பையனைக் கெட்டவன் என்று சொல்லமாட்டேன். மலையில் சாமைக் காட்டைக் கொத்திக்கொண்டு கிடக்கப் பிடிக்காமல் நாமக்கல்லுக்கு இறங்கினான். அங்கே ஒரு அச்சாபீசில் வேலை. முதலில் கூட்டிப் பெருக்கினான், பிறகு ஈய எழுத்துக்களைக் கோக்கக் கற்றுக்கொண்டான். குடுமியை எடுத்துவிட்டுக் கிராப்போடு வந்தான். காப்பி இல்லாமல் தலை வலிக்கிறது என்றான். எல்லாவற்றையும் அக்காள் பொறுத்துக்கொண்டாள். கிராப்பைக்கூட, "மாடு நக்குன மாதிரி இருக்குது" என்று சொன்னதோடு சரி.

கல்யாணம் கூடியதும் அவன், "அம்மா, நீ முழங்காலை வெச்சுக்கிட்டு ஊர் ஊரா நடக்க வேண்டாம். பட்டணத்துல எல்லாரும் பத்திரிகைதான் குடுக்கறாங்க. நானே அடிச்சுக் கொண்டாரேன்" என்று சொல்லியிருக்கிறான். அவளுக்கு அப்போது முழங்கால் நோவு இருந்தது உண்மை. அடித்த பத்திரிகைகளில் எங்கள் ஊருக்கானதை, செம்மேட்டுச் சந்தைக்கு உப்பு கொண்டுவருகிற அடிவாரத்துக் குழந்தைவேலிடம் கொடுத்தனுப்பிவிட்டான். குழந்தைவேல் உப்பை அளந்து போட்டுவிட்டு, கூடவே ஆளுக்கொரு காகிதத்தையும் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

எங்கள் ஊரில் அதுவரைக்கும் அச்சடித்த காகிதம் ஒரு வீட்டுக்கு வந்ததென்றால் அது கோர்ட்டுச் சமன்தான். ராசப்பன் அந்த வருஷம் காட்டிலாகாக்காரர்களுக்குத் தெரியாமல் ஒரு மரத்தை வெட்டியிருந்தான். காகிதத்தைக் கண்டதும் அதை வீட்டுக் கூரையில் செருகிவிட்டு மிளகுத் தோட்டத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டான். பிறகு பசி தாங்காமல் என்னிடம் வந்தான். ஊரில் எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருத்தன். சேந்தமங்கலத்தில் மிளகு மண்டிக்காரர் வீட்டில் தங்கி மூன்றாம் வகுப்பு வரைக்கும் படித்திருக்கிறேன்.

"சென்றாயா, இது எந்தக் கோர்ட்டுடா? நாமக்கல்லா, சேலமா?" என்று ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நீட்டினான்.

"நாலு மூலையிலும் மஞ்சள் தடவி எவன்டா சமன் அனுப்புவான்? கல்யாணம்டா. எங்கக்கா மவனுக்கு."

"படி, படி."

படித்தேன். 'தாங்கள் இஷ்டமித்திர பந்துக்களுடன் விஜயம் செய்து' என்று வந்தது.

"இஷ்டமித்திரனா? அப்படி நம்மூர்ல யாரும் இல்லியே. ஊடு மாறி வந்துருச்சா?"

"எல்லாரும் வரோணும்னு அர்த்தம்டா."

"அர்த்தம் சரி. கூப்புடறது யாரு?" என்றான். காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பெருமாயி வரலீன்னா நாங்க எப்படிப் போறது? சோத்துக்கு அலையறாங்கன்னு சொல்லமாட்டாங்களா?"

நான் அப்போது என் பேரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளையின் தாய்மாமன் சென்றாயக் கவுண்டர் என்று எல்லாருக்கும் மேலே போட்டிருந்தது. அச்சில் என் பேரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அந்தக் குஷியில், "நான் கூப்புடறேன் போடா. வந்துரு" என்றேன்.

ஒருத்தனுக்குச் சொன்னால் போதுமா? அடுத்த நாள் ஒவ்வொருத்தராகக் காகிதத்தோடு வந்தார்கள். எல்லாருக்கும் படித்துக் காட்டினேன், எல்லாரையும் கூப்பிட்டேன். கண்ணாயிப் பெரியம்மாவால் நடக்க முடியாது என்று நானே அவள் வாசலுக்குப் போனேன். படித்து முடித்ததும் கிழவிக்குக் கண் கலங்கிவிட்டது.

"முன்னெல்லாம் மரத்துக்காவது சொல்லிட்டுப் போவா. இப்ப மரத்துக்குக்கூட இல்லியா சாமி?"

"அவளுக்கு முழங்கால் நோவுங்க பெரியம்மா. அவளுக்குப் பதிலா நான் கூப்புடறேன். தூக்கியாந்தாவது சேக்கச் சொல்றேன், வாங்க."

திரும்பி வரும்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஊரையெல்லாம் கூப்பிட்டாகிவிட்டது. என்னைக் கூப்பிட்டது யார்?

வருவாள் என்று இருந்தேன். மற்ற வீட்டுக்குக் காகிதம் போகட்டும், பிறந்த வீட்டுக்கு வராமல் இருப்பாளா? வேட்டியைத் துவைத்து வைத்தேன். உருமாலுக்குச் சந்தையில் நல்ல துணியாக வாங்கினேன். சீருக்கு மலைவாழைத் தார் இரண்டைப் பழுக்கப் போட்டேன். ஓடைப் பக்கம் யார் தலை தெரிந்தாலும் எட்டிப் பார்த்தேன். கல்யாணத்தன்று விடியற்காலையில் ஊரே கிளம்பிப் போனது. கண்ணாயியைத் தூளி கட்டித் தூக்கிப் போனார்கள். என் பெண்டாட்டி பழனியம்மாள், "பேர் போட்டிருக்குதுங்களே, போலாமுங்க" என்றாள். "பேர் வேணும்னா போகட்டும்" என்றேன். பழம் கறுத்து, வீடெல்லாம் வாசமடித்தது.

அடுத்த நாள் ராசப்பன் வெற்றிலையை மென்றுகொண்டு வந்தான்.

"ஏன்டா வரல? உனக்காக மணவறையில அத்தனை நேரம் நிறுத்தி வெச்சாங்க. 'ஊரையே கூப்புட்டவன் வராம இருப்பானா, வந்துக்கிட்டிருப்பான்'னு உங்கக்கா வழியைப் பாத்துக்கிட்டே நின்னா. அப்புறம் உன் பங்காளி கருப்பண்ணனை மாமன்னு நிறுத்தி உருமால் கட்டுனாங்க."

"என்னைக் கூப்புடல."

"நீதானடா எங்களைக் கூப்புட்ட?"

"ஆமா. என்னை யாரு கூப்புட்டா?"

ராசப்பன் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். எழுந்து போய்விட்டான்.

அதோடு போக்குவரத்து நின்றது. கூப்பிடாமல் விட்டவள் என்று நான். கூப்பிட்டும் வராதவன் என்று அவள். நடுவில் என் மகளுக்குக் கல்யாணம் வந்தது. பழனியம்மாள் போய்க் கூப்பிட்டாள். எனக்கு இங்கே வேலை இருந்தது. அக்காள் வந்தாள். நொண்டிக்கொண்டே கரட்டை ஏறி இறங்கி வந்து, சீர் வைத்து, பந்தியில் பரிமாறி, எல்லாம் செய்தாள். என்னிடம் பேசவில்லை. நான் பக்கத்தில் நிற்கும்போது பந்தக்காலைப் பார்த்து, "ஏ பந்தக்காலே, பொண்ணுக்குத் தலையை இழுத்து முடிஞ்சிருக்காங்க, வலிக்கப் போவுது" என்றாள். நான் உள்ளே போய்த் தலையைத் தளர்த்திக் கட்டச் சொன்னேன். அந்தப் பந்தக்காலிடம் நானும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் பேசியிருப்பேனோ என்னவோ.

போன ஐப்பசியில் குழந்தைவேல் உப்பு அளக்கும்போது, "ஏனுங்க, உங்கக்காளுக்கு மலைக்காச்சலுங்க. ரொம்ப மோசமுங்க" என்றான். நல்லதுக்குத்தான் கூப்பிட்டால் போவது. நோய்க்கும் சாவுக்கும் காதில் விழுந்தால் போதும், போய்விட வேண்டும். உப்பை அப்படியே வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

வாசலில் சின்னுசாமி நின்றான். "வாங்க மாமா" என்றான். அந்த வாயை அன்றைக்குத் திறந்திருந்தால் என்னடா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அவனே ஆரம்பித்தான்.

"அம்மா அன்னைக்கே உங்களைக் கூப்புடக் கெளம்புனாங்க மாமா. நாந்தான் தடுத்துட்டேன். பத்திரிகையும் குடுத்து வாயாலயும் கூப்புட்டா பத்திரிகைக்கு என்ன மதிப்புன்னு சொன்னேன். உங்க பேரை நானே கோத்தேன் மாமா. சின்ன 'ரா'வா பெரிய 'றா'வான்னு தெரியாம மொதலாளிகிட்டக் கேட்டு, அவர்கிட்டத் திட்டு வாங்கி, சரியாப் போட்டேன். உங்களுக்குப் பெருமையா இருக்கும்னு நெனச்சேன்."

அவன் சொன்னதில் பொய் இல்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. என் பக்கம் நியாயம் இருக்கிறதென்று இன்றைக்கும் சொல்வேன். அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு இப்போது என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

அக்காள் பாயில் கிடந்தாள். ஓடையில் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கிய அந்த உடம்பில் ஒன்றுமே மிச்சமில்லை. மச்சான் அவள் கால்மாட்டில் எப்போதும்போல் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

"யாரு?"

"நாந்தான்க்கா."

"கூப்புடாமயே வந்துட்ட?"

"காச்சலுக்கெல்லாம் யாராச்சும் கூப்புடுவாங்களா?"

சிரித்தாள். சிரிப்பு இருமலாகிவிட்டது. மருமகள் வந்து நிமிர்த்தி உட்காரவைத்தாள். அக்காள் சேலைத் தலைப்பைத் தோளில் சரியாக இழுத்துப் போட்டுக்கொண்டாள். என் முகத்தை நேராகப் பார்த்தாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அப்போதுதான் பார்த்தாள்.

"சென்றாயா, எங்கூட்ல ஒரு காரியம் வருது. நீ வந்து நிக்கோணும்."

"என்ன காரியம்?"

"என் காரியந்தான்."

"அத்தை, இதென்ன பேச்சுங்க" என்று மருமகள் அழ ஆரம்பித்தாள். சின்னுசாமி கதவுப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"சும்மா இருங்க. இதைக் காயிதத்துல போட முடியாது" என்றாள். பிறகு என் கையைப் பிடித்தாள். கை கொதித்தது.

"பொறந்த ஊட்டுக் கோடிச்சேலை நீதான் கொண்டாந்து போத்தோணும். கண்ட்ரோலு, துணி கெடைக்கிலீன்னு சாக்குச் சொல்லாத. அன்னைக்கு உன்னைக் கூப்புடறதுக்கு எனக்கு வாய் இருக்காது சாமி. அதான் இப்பவே கூப்புட்டுட்டேன். கூப்புடலீன்னு ஊட்லயே உக்காந்துக்காத, வந்துரு."