டிக்கியில் ஒரு பெட்டி

நாங்கள் கார் வாங்கியபோது மகளுக்கு ஐந்து வயது; மகன் அப்போதுதான் நடக்கத் தொடங்கியிருந்தான். கருவடிக்குப்பத்தில் வாடகை வீடு. என் கணவர் தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்தார். நான் அதே தொழிற்பேட்டையில், மருந்து டப்பாக்களுக்கு அட்டை அச்சடிக்கும் இடத்தில், அச்சு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துப் பிரிக்கும் வேலையில் இருந்தேன். அதுவரை எங்கே போனாலும் நான்கு பேரும் ஒரே ஸ்கூட்டரில்தான். மகளுக்கு வீசிங் இருந்தது. பனிக்காற்றோ ரோட்டுத் தூசியோ பட்டால் அவளுக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிவிடும். கார் வாங்கியதே அதனால்தான்.

விற்றவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். மகனோடு இருக்கப் பிரான்சுக்கே போகிறேன் என்று சொல்லி, வெள்ளை நிறத்தில் இருந்த அந்தப் பழைய சின்னக் காரை எங்களிடம் கொடுத்தார்.

முதல் நீண்ட பயணம் கடலூரில் இருந்த என் அக்கா வீட்டுக்கு. காலையில் குழந்தைகளைக் குளிப்பாட்டி, புதுத்துணி போட்டுக் கிளம்பினோம். அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் முன்னால் பஸ்களும் லாரிகளும் வரிசையாக நின்றன. குடிதண்ணீர் வரவில்லை என்று பெண்கள் காலிக் குடங்களோடு ரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்கிறார்கள் என்று எதிரே நடந்து வந்தவர்கள் சொன்னார்கள். திரும்பிப் போகலாம் என்றால் எங்களுக்குப் பின்னாலும் வண்டிகள் வந்து நெருக்கி நின்றுவிட்டன.

எங்கள் முன்னால் நின்ற லாரி இன்ஜினை அணைக்கவில்லை. அதன் புகை ஜன்னலை ஏற்றினாலும் உள்ளே வந்தது. மகள் இருமினாள். கொஞ்ச நேரத்தில் அந்த இருமல் எனக்குத் தெரிந்த இருமலாக மாறியது. அவள் தோள்கள் ஏறி இறங்கின. கழுத்துக் குழி உள்ளே போனது. என் கைப்பையில் இன்ஹேலர் இருந்தது. எடுத்துக் குலுக்கினேன், உள்ளே மருந்து இருப்பது போலத்தான் ஒலித்தது. வாயில் வைத்து அழுத்தினேன். அவள் உறிஞ்சினாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மா, ஒண்ணும் வரல."

மறுபடி அழுத்தினேன். அவள் சொன்னது சரி. மருந்து தீர்ந்த பிறகும் அது குலுக்கினால் சத்தம் போடும் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

கணவர் அவளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு, வண்டிகளுக்கு நடுவே முன்னால் ஓடினார். அங்கே நடந்ததை அவர் பிறகு சொல்லித்தான் கேட்டேன். மறியலின் முன்வரிசையில் இருந்த ஒரு பெண் குழந்தையின் மூச்சைக் கேட்டதுமே எழுந்திருக்கிறாள். வழி விடுங்கள் என்று மற்றவர்களையும் எழுப்பிவிட்டு, ஓரத்தில் மொபெட்டோடு நின்ற தன் புருஷனைக் கூப்பிட்டு இவர்களை ஏற்றி அனுப்பியிருக்கிறாள். தோப்புக்குள் போகும் மண்பாதையில் சுற்றிக்கொண்டு அரியாங்குப்பத்தில் ஒரு டாக்டரிடம் அந்த மனிதர் கொண்டு சேர்த்தார். அங்கே நெபுலைசர் வைத்ததும் மகளுக்கு மூச்சு அடங்கியது.

அப்போது எங்களிடம் செல்போன் கிடையாது; இதெல்லாம் தெரியாமல் நான் காரிலேயே இருந்தேன். மடியில் சின்னவன். அவன் பால் புட்டி முதலிலேயே காலியாகிவிட்டது. தண்ணீர் பாட்டிலில் ஒரு வாய்தான் மிச்சம். வெயில் ஏற ஏற அவன் அழுதான். பிறகு அழக்கூட முடியாமல் முனகினான். அந்த வரிசையில் யாரிடம் கேட்பது? எல்லாரும் எங்களைப் போலவே வெறுங்கையோடு கிளம்பியவர்கள்தான். ஒருவழியாக மறியல் முடிந்து வண்டிகள் நகர்ந்தபோது எங்கள் கார் மட்டும் நகரவில்லை. எனக்கு ஓட்டத் தெரியாது. பின்னால் ஹாரன் காதைப் பிளந்தது. கடைசியில் ஒரு லாரி டிரைவர் இறங்கி வந்து, இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு காரை ஓரமாகத் தள்ளினார். நான் சின்னவனை இடுப்பில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கணவர் மகளோடு வந்து சேர்ந்ததும் கடலூர் போகாமல் வீட்டுக்கே திரும்பினோம். அன்று சாயங்காலம் மகள் தூங்கிக்கொண்டிருந்தபோது கணவரிடம் இரண்டு விஷயம் சொன்னேன். எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுங்கள். இனி இந்த வண்டி வெறுமனே எங்கேயும் போகாது.

அடுத்த ஞாயிறு காந்தி வீதிச் சந்தையில் நீல மூடி போட்ட ஒரு பெரிய பிளாஸ்டிக் பெட்டி வாங்கினேன். தண்ணீர் பாட்டில்கள், பிஸ்கட், பால் பவுடர், பிளாஸ்க், டார்ச், குழந்தைகளுக்கு ஒரு மாற்றுத்துணி, பழைய போர்வை, பஞ்சு, கட்டுத்துணி, காய்ச்சல் மருந்து, வாந்தி வந்தால் பிடிக்கக் கேரி பேக் என்று நிரப்பினேன். கணவர் வாசலில் நின்று பார்த்தார்.

"நாம அக்கா வீட்டுக்குப் போறமா, இல்ல வீட்டையே காலி பண்ணிக்கினு போறமா?" என்று கேட்டார்.

சிரித்துக்கொண்டேன், ஆனால் ஒரு சாமானையும் வெளியே எடுக்கவில்லை.

முதல் மாதம் எல்லாமே தப்பாகத்தான் போனது. பிஸ்கட்டுக்கு எறும்பு வந்தது. டிக்கியில் தொடங்கி ஸ்டியரிங் வரை எறும்பு. காரையே கழுவிவிட்டு, பிஸ்கட்டை இறுக்கமான மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றினேன். பாட்டில் தண்ணீர் வெயிலில் காய்ந்து பிளாஸ்டிக் வாடை அடித்தது. மகள் ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினாள். சின்னவனோ பெட்டியில் தின்பண்டம் இருப்பதைத் தெரிந்துகொண்டு, காரில் ஏறியதும் பின்பக்கம் கை காட்டி அழத் தொடங்கினான்.

மருந்துதான் பெரிய கவலை. நான் வேலை பார்த்த இடத்தில் அட்டைக்கு அட்டை அச்சாகும் ஒரு வரி உண்டு: சூடு படாத இடத்தில் வைக்கவும். நாள் முழுக்க என் கண் அந்த எழுத்தின் மீதுதான். மே மாதத்தில் வெயிலில் நிற்கும் காருக்குள் இன்ஹேலரை வைப்பதற்கு வைக்காமலே இருக்கலாம். அதனால் இரண்டாகப் பிரித்தேன். வெயில் தாங்குவதெல்லாம் பெட்டியில். மருந்து, பால் பவுடர், குடிக்கும் தண்ணீர் எல்லாம் ஒரு துணிப்பையில். அந்தப் பை எங்கள் வாசல் கதவின் தாழ்ப்பாளிலேயே தொங்கும். அதைக் கையில் எடுக்காமல் கதவைச் சாத்த முடியாது. உள்ளே இன்ஹேலர் ஒன்றல்ல, இரண்டு. பிரித்த தேதியைப் பேனாவால் அதன் மேலேயே எழுதிவிடுவேன். மாதம் பிறந்தால் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்து, பழையதைப் பயன்படுத்திவிட்டுப் புதியதை வைப்பேன்.

மகளையும் சேர்த்துக்கொண்டேன். எது எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வது எங்கள் இருவருக்கும் ஒரு விளையாட்டானது. மூச்சு இழுத்தால் பயப்படாமல் நிமிர்ந்து உட்கார்ந்து, மெதுவாக ஊதிவிட்டு, பிறகு மருந்தை உள்ளே இழுக்க வேண்டும் என்று பொம்மைக்கு அவளே பாடம் எடுத்தாள்.

ஓட்டக் கற்றுக்கொண்டேன். டயர் மாற்றவும் கற்றுத்தரச் சொன்னேன். சக்கரத்தின் நட்டுகள் என் பலத்துக்கு அசையவில்லை. கணவர் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் பட்டறையில் இருந்து ஒரு இரும்புக் குழாயை அளவாக வெட்டி, முனையை வழவழவென்று தேய்த்துக் கொண்டு வந்தார். ஸ்பேனரின் பிடியில் அதைச் செருகி அழுத்தச் சொன்னார். நட்டு முனகிக்கொண்டு கழன்றது. குழாயைத் துடைத்து அவரே பெட்டிக்குள் வைத்தார். அதன் பிறகு பெட்டியைப் பற்றி அவர் கேலி பேசவில்லை.

அடுத்த ஆண்டு மழைக்காலம். தீபாவளி லீவுக்கு அக்கா வீட்டில் விட்டிருந்த குழந்தைகளை அழைத்துவர நான் மட்டும் காரில் போனேன். அவருக்கு அன்று பட்டறையில் அவசர வேலை. காலையில் போகும்போது வெறும் தூறல்தான். குழந்தைகளை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது வானம் இடிந்து விழுந்தது போல மழை. கிருமாம்பாக்கத்துக்கு அருகே ஏரித்தண்ணீர் ரோட்டைக் கடந்து ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பஸ் நின்றது. அதன் பின்னால் நான் நின்றேன். செல்போனில் சிக்னல் இல்லை.

காரை ஓரம் கட்டினேன். மழையில் பின்னால் வருகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று டிக்கியில் இருந்த சிவப்புத் துணியை எடுத்துப் பின்கதவில் கட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தோம். ஈரக்காற்று மகளுக்கு ஆகாது. அரை மணி நேரம் கூட ஆகியிருக்காது, அவள் இருமினாள். எனக்குள் பழைய பயம் எழுந்தது. ஆனால் அவள் என்னைப் பார்க்கவில்லை. முன்சீட்டில் இருந்த துணிப்பையைத்தான் பார்த்தாள். எடுத்துக் கொடுத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தாள், ஊதினாள், நான் அழுத்தியதும் உள்ளே இழுத்தாள்.

"வருதும்மா," என்றாள்.

கொஞ்சம் பொறுத்து மறுபடி கொடுத்தேன். அவள் தோள்கள் இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜன்னலில் தலை சாய்த்துக்கொண்டு, தம்பிக்கு பிஸ்கட் டப்பாவைத் திறக்கட்டுமா என்று அவள் கேட்டபோதுதான் என் கை ஸ்டியரிங்கை விட்டது.

அப்போது யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். தலையில் கோணிப்பையைப் போட்டுக்கொண்டு ஒரு ஆள். முன்னால் நின்ற பஸ்ஸில் இருந்து வந்தவர். பஸ் கூரை ஒழுகுகிறது, என் பெண்சாதி கைக்குழந்தையோடு இருக்கிறாள், குழந்தை முழுக்க நனைந்துவிட்டது, கொஞ்ச நேரம் உள்ளே உட்கார இடம் தருவீர்களா என்று கேட்டார். பின்சீட்டில் மகளை நகர்த்திவிட்டு, அந்தப் பெண்ணை ஏற்றினேன். குழந்தை பிறந்து ஒரு மாதம்தான் இருக்கும். அதன் உதடு குளிரில் நிறம் மாறியிருந்தது. ஈரத்துணியை அவிழ்த்து, உலர்ந்த துண்டால் துடைத்து, போர்வைக்குள் சுற்றி அவள் மார்போடு அணைத்துக் கொடுத்தேன். பிளாஸ்க்கில் இருந்த வெந்நீரை ஆற்றி அவளைக் குடிக்கச் சொன்னேன். குழந்தை பால் குடிக்கத் தொடங்கியதும் அவள் சத்தமில்லாமல் அழுதாள்.

அதன் பிறகு ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். குழந்தைகளுக்குத் தண்ணீர் கேட்டார்கள். பஸ் படியில் வழுக்கி விழுந்து முழங்கால் கிழிந்த பெரியவருக்குக் கட்டுப் போட்டேன். பிஸ்கட்டை மகளே எண்ணிப் பங்கு வைத்தாள். சின்னவன் தன் பங்கைத் தின்றுவிட்டு மற்றவர்களையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு கல்லூரிப் பெண் தயங்கித் தயங்கி வந்து, "அக்கா, பழைய துணி எதுனா இருக்குமா?" என்று என் காதோடு கேட்டாள். எதற்கென்று புரிந்தது. பெட்டியில் அதை நான் வைத்திருக்கவில்லை. சின்னவனின் மாற்றுத்துணியையும் மிச்சப் பஞ்சையும் கொடுத்தேன்.

மாலையில் மழை விட்டு, தண்ணீர் வடிந்தது. போலீஸ்காரர் ஒவ்வொரு வண்டியாக அனுப்பினார். கைக்குழந்தைக்காரியும் அவள் புருஷனும் என்னோடே வந்தார்கள். முதல் கியரை மாற்றாமல், ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுக்காமல், பஸ் போன தடத்திலேயே தண்ணீருக்குள் ஓட்டினேன். அந்தப் பக்கம் ஏறியதும் பின்சீட்டில் இருந்து மகள்தான் பெருமூச்சு விட்டாள், சுத்தமாக, விசில் இல்லாத மூச்சு. அவர்களை அரியாங்குப்பத்தில் இறக்கிவிட்டேன். போர்வையைத் திருப்பிக் கொடுக்க வந்தவளிடம் குழந்தை வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. கணவர் தெருமுனையில் குடையோடு நின்றிருந்தார். குழந்தைகளைத் தூக்கி முத்தம் கொடுத்துவிட்டு டிக்கியைத் திறந்தார். பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். கிட்டத்தட்ட காலி. நடந்ததை நின்றபடியே சொன்னேன். கேட்டு முடித்தவர், "என்னா பத்தல, சொல்லு," என்றார்.

பெரியவர்களுக்கு இரண்டு உடுப்பு, நாப்கின் பாக்கெட், இன்னும் ஒரு போர்வை, மழைக்கு விரிக்கத் தார்ப்பாய் என்று சொன்னேன். கார்ச் சீட்டுகளைக் கழற்றிக் காயவைக்கவே அந்த வாரம் போதவில்லை. ஈரவாடை பொங்கல் வரை இருந்தது. ஆனால் சாமான்கள் மட்டும் மறுநாளே வந்துவிட்டன. அவர் வேலை விட்டு வரும்போது தார்ப்பாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். அதை எப்படி மடித்தால் பெட்டிக்குள் அடங்கும் என்று நாங்கள் நாலு பேரும் கூடத்தில் உட்கார்ந்து, விரித்தும் மடித்தும் பார்த்துக்கொண்டிருந்தோம்.