பூண்டு மாமா

எந்த வீட்டு வாசலுக்குப் போனாலும் மாமா தன் சட்டைக் கையை மூக்கருகே கொண்டுபோய் ஒருமுறை முகர்ந்து பார்ப்பார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து இதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். முகர்ந்துவிட்டு, வாசலில் நின்றபடியே அம்மாவோடு பேசிவிட்டுக் கிளம்பிவிடுவார்.

அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. ரசாயனத் தொழிற்சாலையில் பாஸ்பீன் அறையில் வேலை. பாஸ்பீன் என்று அவர்கள் சொன்னது பாஸ்பரஸ் கலந்த ஒரு திரவம். அழுகிய பூண்டு போல நாறும். முடியிலும் நகக்கண்ணிலும் ஏறிக்கொண்டால் லேசில் இறங்காது. பேருந்தில் அவர் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பூண்டு மாமா. கல்யாணப் பேச்சு இரண்டு தடவை எடுத்து இரண்டு தடவையும் நின்றுபோனது. பெண் வீட்டாருக்குச் சளி பிடித்திருந்த நேரமாகப் பார்த்துப் போயிருக்க வேண்டும் என்பார்.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனது நான். வேதியியல். பாஸ்பரஸ் அணுவிடம் பிணைப்பில் சேராத ஒரு ஜோடி எலக்ட்ரான் உண்டு. எலக்ட்ரான் குறைந்த கார்பனைக் கண்டால் அதைக் கொடுத்து ஒட்டிக்கொண்டு, அங்கிருந்த புரோமினை வெளியே தள்ளிவிடும் என்று படித்தேன். ஒட்டிக்கொண்டதும் உப்பாகிவிடும், நாற்றமும் போய்விடும். இதைச் சொன்னபோது மாமா சிரித்தார்.

"கார்பன் வர்ற வரைக்கும் அது எங்க காத்திருக்கும்? காத்துல இருக்கிற ஆக்சிஜன்கிட்டயே குடுத்துட்டு உக்காந்துரும். அப்புறம் நாத்தமும் இல்ல, எதோடயும் சேரவும் சேராது."

வேலையைப் பற்றி மட்டும்தான் சொன்னாரா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஓய்வு பெற்றதும் ஒரு வாரம் வந்து தங்க வேண்டும், எங்களோடு மேசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று அம்மா அவரிடம் வாக்கு வாங்கியிருந்தாள். வேலையின் கடைசி நாளன்று தொழிற்சாலையிலேயே பிளீச்சிங் கரைசலில் கைகழுவி, குளித்து, புதுச் சட்டையும் புதுச் செருப்புமாகப் பையோடு வந்து நின்றார். தன் மூக்கு எப்போதோ செத்துவிட்டது என்று சொல்லிச் சட்டைக் கையை என்னிடம் நீட்டினார். துணிக்கடை வாசனைதான் வந்தது. உள்ளே வந்து உட்கார்ந்தார். அம்மா சூடாகப் பரிமாறினாள்.

பாதிச் சாப்பாட்டில் மாடி வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். கேஸ் வாடை வருகிறதாம், எங்கோ கசிகிறதாம். எல்லோரும் அடுப்பை அணைத்துவிட்டுப் படியிறங்கித் தெருவில் நின்றோம். கேஸ் கம்பெனி ஆள் கருவியோடு வந்து ஒவ்வொரு சமையலறையாகத் தேடினார். எங்கும் கசிவு இல்லை.

மாமா தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். என்னிடம் நீட்டாத கையில் கட்டியிருந்த கைக்கடிகாரத்தின் தோல் பட்டை. சாப்பாட்டு வாசனையில் எங்களுக்குத் தெரியவில்லை. பிளீச்சிங் பட்டால் தோல் வெடித்துவிடும் என்று அதை மட்டும் அவர் ஒருநாளும் கழுவியதில்லை. கழற்றி அந்த ஆளிடம் கொடுத்தார். அவர் முகர்ந்த வேகத்தில் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"வாட்சா சார் லீக்கு?"

தெருவே சிரித்தது. கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பயம் விட்ட சிரிப்புதான். மாமாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

"அதத் தூக்கிப் போட்டுட்டு மேல வாடா," என்றாள் அம்மா. "சோறு ஆறுது."

"இருக்கட்டும்க்கா. அந்த ஒரு வாரம் பாக்கியாவே இருக்கட்டும். இன்னொரு நாள் வர்றேன்."

பையை நான்தான் கீழே கொண்டுவந்து கொடுத்தேன்.

அதன் பிறகும் அவ்வப்போது வந்தார். கையில் கடிகாரம் இல்லை, வாடையும் இல்லை. ஆனாலும் வாசலில் நின்று சட்டைக் கையை முகர்வார். அம்மா உள்ளே கூப்பிட்டால் மணி என்ன என்று கேட்பார். எத்தனை மணி என்று சொன்னாலும் நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிடுவார்.

ஒரு மழைக்காலத்தில், வாடகை அறையில், தூக்கத்திலேயே போய்விட்டார். அறையைக் காலிசெய்ய நானும் அம்மாவும் போனோம். ஒரு தட்டு, ஒரு நாற்காலி, ஒரு தலையணை. வீட்டுக்காரர் அம்மாவுக்கு ஆறுதலாகச் சொன்னார், யாருக்கும் எந்தப் பாக்கியும் வைக்காத மனுஷன் என்று.

அம்மா தலையணை உறையை உருவி மடித்துக்கொண்டே சொன்னாள்:

"எனக்கு வச்சிருக்கான். ஒரு வாரம்."