கட்டியவரே அவிழ்க்கட்டும்

என் தொழிலில் கோபப்படக் கூடாது என்பார்கள். சொல்கிறவர்கள் சொல்லட்டும். சாப்பிட மறுத்துத் தங்களைத் தாங்களே உருக்கிக்கொள்ளும் பிள்ளைகளுக்கு மருதனார்மடத்துக்குக் கிட்ட ஒரு சின்ன அறையில் இத்தனை வருடமாகச் சிகிச்சை செய்கிறேன் என்றால், அது கருணையால் அல்ல. பழி தீர்க்கத்தான். என் அக்காவைத் தின்ற நோய் அது. எந்த வீட்டில் அது தலை காட்டினாலும் நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன்.

அக்காவுக்கு அப்போது பதினேழு வயது. கேதாரகௌரி விரதம் முடிந்த கையோடு கந்தசஷ்டி பிடித்தாள். அதற்கு எவ்வளவோ முன்பே அவள் சாப்பாட்டைக் கைவிட்டிருந்தாள். விரதம் அவளுக்கு நல்ல மறைப்பாகப் போய்விட்டது. பட்டினி கிடக்கிற பிள்ளையை எங்கள் ஊரில் ஏன் என்று கேட்கமாட்டார்கள், கும்பிடுவார்கள். கோயில் மணியகாரர், அதாவது கோயில் நிர்வாகம் முழுவதையும் கையில் வைத்திருந்தவர், சூரன்போருக்கு அடுத்த நாள் அவளைச் சனத்துக்கு முன்னால் கூப்பிட்டுப் பட்டுச் சால்வை போர்த்தினார். “பொம்பிளைப் பிள்ளையள் எண்டா இப்பிடி இருக்க வேணும்” என்றார். திருவெம்பாவை வருமுன் அக்கா செத்துப்போனாள். செத்தவீட்டில் அதே மனிதர் கதிரையில் சாய்ந்திருந்துகொண்டு, “தாய் கவனிச்சிருந்தா பிள்ளை போயிராது” என்று எல்லாருக்கும் கேட்கச் சொன்னார். ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. அம்மா கோயிலுக்கும் நல்லது கெட்டதுக்கும் போவதை அன்றோடு நிறுத்தினார்.

போன வருடம் பங்குனி வெயிலில் அந்த மனிதர் என் அறைக்குள் வந்தார். கூடவே அவருடைய மகள், மருமகன், பதினைந்து வயதுப் பேத்தி. அந்த வெயிலிலும் பிள்ளை சுவெற்றர் போட்டிருந்தாள். இதயம் மெதுவாகத் துடிக்கிறது என்று ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, கொஞ்சம் தேறியதும் என்னிடம் அனுப்பியிருந்தார்கள். கிழவருக்கு என்னைத் தெரியவில்லை. எனக்கு அவரை வாசலிலேயே தெரிந்தது. தலை நரைத்துவிட்டது, நெற்றியை நிறைத்த திருநீறு மட்டும் அப்படியே இருந்தது.

வேறு யாரிடமாவது அனுப்பியிருக்கலாமே என்று கேட்பீர்கள். குடாநாட்டில் இந்த வேலை செய்கிற இன்னொருவரை நான் எங்கே போய்த் தேடுவது? உண்மையைச் சொன்னால், அனுப்ப எனக்கு மனமும் இல்லை. என் பகை தன் காலாலேயே நடந்து வந்து என் கதிரையில் இருக்கிறது. விடுவேனா?

நான் செய்வது குடும்பத்தை வைத்துச் செய்யும் சிகிச்சை. சோறுதான் மருந்து, தாயும் தகப்பனும்தான் வைத்தியர்கள். என்ன சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது என்பதைக் கொஞ்சக் காலத்துக்குப் பெற்றோர் தீர்மானிப்பார்கள். சாப்பாட்டுக் கோப்பை வெறுமையாகும்வரை பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பார்கள். தொடக்கத்தில் எல்லாக் குடும்பத்துக்கும் ஒன்று சொல்வேன்: இது ஒருத்தரின்ரை பிழையும் இல்லை. குற்றவாளியைத் தேடத் தொடங்கினால் வீட்டில் சண்டைதான் நடக்கும், சாப்பாடு நடக்காது. அன்றைக்கு அதை அந்த மனிதரின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். வேப்பெண்ணெய் குடித்த மாதிரி இருந்தது.

அடுத்த முறை சாப்பாட்டோடு வரச் சொன்னேன். தாய் இரண்டே இரண்டு இடியப்பம் கொண்டுவந்தார். “உது பூனைக்கும் காணாது அம்மா” என்று திருப்பி அனுப்பினேன். பிறகு புட்டு, கத்தரிக்காய்ப் பால்கறி, முட்டைப்பொரியல், நீர்வேலி வாழைப்பழம் எல்லாம் வந்தன. பிள்ளை கோப்பையைத் தள்ளிவிட்டு, “என்னைக் கொல்லுறியள்” என்று கத்தினாள். தகப்பன் எழுந்து வெளியே ஓடினார். போய்க் கூட்டிவந்தேன். கிழவருக்குப் பொறுக்கவில்லை.

“பசியில்லாத பிள்ளையை ஏன் உப்பிடி வதைக்கிறியள்?”

“ஐயா, நீங்கள் கொஞ்சம் கதையாமல் இருங்கோ” என்றேன். அதைச் சொன்னபோது எனக்கு எவ்வளவு இனித்தது தெரியுமா!

அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும். ஒரு வாய், இன்னும் ஒரு வாய் என்று மாதக்கணக்கில் இருந்ததில் பிள்ளையின் நிறை ஏறியது. நான் வாய் திறக்காவிட்டாலும் மணியகாரர் பேத்தி என்னிடம் வருவது ஊருக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவுக்கும் தெரிந்திருந்தது. அவர் ஒன்றும் கேட்கவில்லை.

ஐப்பசியில் நிறை இறங்கத் தொடங்கியது. சஷ்டி தொடங்கிய மறுநாள் வந்தபோது, சுவெற்றர் கைக்குக் கீழே மஞ்சள் கயிறு தெரிந்தது. விரதக் காப்பு.

“ஆர் கட்டினது?”

“அம்மப்பா” என்றாள். முகத்தில் ஒரு வெற்றி. அவளுடைய வெற்றி இல்லை அது, நோயினுடையது.

தாய் தகப்பனுக்குக் கைகால் ஓடவில்லை. கட்டிய காப்பை இடையில் அவிழ்க்க எங்கள் ஊரில் யாருக்குத் துணிவு வரும்? நாடியை எண்ணிப் பார்த்துவிட்டு, அவளை ஆஸ்பத்திரியில் பார்த்த டொக்டருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். இதயத் துடிப்பு மறுபடி விழுந்திருக்கிறது, இந்த ஆறு நாளும் பட்டினி கிடந்தால் பிள்ளையைக் காப்பாற்றித் தருவேன் என்று வாக்குத் தரமாட்டேன் என்றார். வெளியே வந்து தாயிடம், “நாளைக்கு மத்தியானம் எல்லாரும் சோத்தோடை வாங்கோ. ஐயாவும் வர வேணும்” என்றேன். பெற்றோர் மட்டும் வந்தாலும் சரிக்கட்டியிருக்கலாம். எனக்கு அவர் வேண்டும்.

வந்தார்கள். மேசையில் சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி.

“ஐயா, காப்பைக் கட்டினது நீங்கள். நீங்களே அவிழுங்கோ.”

“பிள்ளை ஆசைப்பட்டுக் கேட்டவள், கட்டினனான். ஆறு நாளும் முடிஞ்சு பாறணை பண்ணாமல் அவிழ்க்கக் கூடாது. தெய்வகுற்றம்.”

“தெய்வத்தோடை நான் கதைக்கிறன். நீங்கள் அவிழுங்கோ. அவிழ்த்தாக் காணாது, அவளோடை இருந்து நீங்களும் சாப்பிட வேணும்.”

மகள் பதறிப்போனார். “ஐயோ, அப்பா தண்ணியோடை மட்டும் இருக்கிறவர். இளந்தாரியாய் இருந்த காலத்திலையிருந்து ஒரு வருசமும் விட்டதில்லை!”

எனக்குத் தெரியாதா? அந்த விரதம்தானே அவருடைய பெருமை. அதில்தான் நான் கை வைத்தேன். அவர் மறுக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்பட்டேன். மறுத்தால் சொல்வதற்கு ஒன்று நாக்கு நுனியில் நின்றது: ‘முந்தி ஒருத்தியைச் சாகக் குடுத்தனீங்கள். இப்ப இவளையுமோ?’ ஆனால் பிள்ளை அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதைச் சொன்னால் வீடு இரண்டாகும், சோறு ஆறும், நோய் சிரிக்கும். விழுங்கிக்கொண்டேன்.

கிழவர் அவளுடைய கையைப் பிடித்தார். முடிச்சு இறுகியிருந்தது. குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்தார். பிறகு தன்னுடைய காப்பையும் அவிழ்த்து மேசையில் வைத்துவிட்டு, “போடு பிள்ளை” என்று மகளிடம் கோப்பையை நீட்டினார். முதல் வாய் வைக்கும்போது கண்ணால் தண்ணீர் ஓடியது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்?

“அம்மப்பா, உங்கடை விரதம் போச்சு” என்றாள் பிள்ளை.

“போனாப் போகட்டும். நீ தின்.”

வெகுநேரம் எடுத்தது. தின்றாள்.

இந்த வருடம் அவள் பள்ளிக்கூடம் போகிறாள். சந்திப் பேக்கரியில் சிநேகிதிகளோடு நின்று ரோல்ஸ் சாப்பிட்டதாகத் தகப்பன் சிரித்துச் சிரித்துச் சொன்னார். சிகிச்சை முடிந்த பிறகு ஒரு நாள் கிழவர் தனியாக வந்து கும்பிட்டார். “என்ன கைம்மாறு செய்யப்போறமோ தெரியேல்லை” என்றார்.

“செய்யலாம்” என்றேன். “பட்டுச் சால்வை போத்தின பிள்ளையை ஞாபகமிருக்கோ? நான் அவளின்ரை தங்கச்சி.”

அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். “நான் என்ன செய்ய வேணும்?” என்று கேட்டார்.

“சஷ்டிக்குக் காப்புக் கட்டுற அண்டைக்கு மைக்கைப் பிடிச்சுச் சொல்லுங்கோ. அக்கா செத்தது அம்மாவின்ரை பிழையில்லை எண்டு.”

“இந்த வயசிலை ஊருக்கு முன்னாலை என்னைத் தலைகுனிய வைக்கப்போறியோ பிள்ளை?”

“ஓம்” என்றேன்.

காப்புக் கட்டுகிற அன்றைக்கு அம்மாவை ஓட்டோவில் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். வரமாட்டேன் என்றவரை இழுத்துக்கொண்டுதான் போனேன். கிழவர் மைக்குக்கு முன்னால் வந்து, நான் கேட்டதைச் சொன்னார். அதோடு நிறுத்துவார் என்று பார்த்தேன். நிறுத்தவில்லை.

“இன்னொண்டும் கிடக்கு. விரதத்துக்கு இடையிலை அந்தப் பிள்ளையின்ரை தாய் சோறு குழைச்சுக் கொண்டு விரதகாரர் இருந்த கோயில் மண்டபத்துக்கு வந்தவ, மகளுக்கு வாயிலை தீத்த. நான்தான் வாசலிலை மறிச்சுத் திருப்பி அனுப்பினனான்.”

எனக்கு இது தெரியாது. இத்தனை வருடமும் ஒரு வார்த்தை தெரியாது. உடம்பெல்லாம் பற்றி எரிய அம்மாவின் பக்கம் திரும்பினேன்.

“ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?”

அம்மா கிழவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“சொல்லியிருந்தா, அவரின்ரை பேத்தியை நீயும் வாசலிலை திருப்பியிருப்பாய்.”